கடலூர்ல பிட்காயின் நோடு ஓடுது, உலக மேப்புல புள்ளி இல்ல. ஏன்?

புலியூர் சர்வீஸ்காரன்:
திருப்பாதிரிப்புலியூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். ரிப்பேருக்குக் கொடுத்துட்டு மூணு வருசமா யாரும் வாங்க வராத ஒரு ஐ3 டெஸ்க்டாப்புல 2 டிபி டிஸ்க் மாட்டி பிட்காயின் கோர் ஓட்டுறேன். பிட்காயின் கணக்குப் புத்தகம் முழுசையும் வாங்கிச் சரிபார்க்குற மென்பொருள் அது. அதை ஓட்டுற மெஷினுக்குத்தான் நோடுன்னு பேரு. காயின் கீயின் எதுவும் என்கிட்ட கெடையாது. எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்குற ஆசை, அவ்ளோதான். 2009 ஜனவரி 3 தேதி போட்ட முதல் பிளாக்குலேருந்து, அதாவது அந்தப் புத்தகத்தோட முதல் பக்கத்துலேருந்து, எல்லாத்தையும் இறக்கிச் சரிபார்த்து முடிக்க 13 நாள் ஆச்சு. அப்புறம் 2024 ஃபெஞ்சல் புயல்ல கரன்ட் போயி, யூபிஎஸ்ஸும் படுத்து, டேட்டாபேஸ் கெட்டு, திரும்ப முதல்லேருந்து அட்டவணை போடுற ரீஇண்டெக்ஸ் வேலை. அந்த வயித்தெரிச்சல் தனிக்கதை.

உலகத்துல ஓடுற பிட்காயின் நோடுகளை எண்ணிக் காட்டுற பிட்நோட்ஸ் தளத்தோட மேப்பை நேத்து பையன் காட்டினான். ஜெர்மனியில அம்மை போட்ட மாதிரி புள்ளி. கடலூர்ல தேடினா ஒண்ணும் இல்ல. "உன் மெஷின் சும்மா சூடாகுது போலப்பா"ன்னு சிரிக்கிறான். ஆனா திரையில 10 பியர் (என் நோடோட பேசுற மத்த நோடு) காட்டுது, பிளாக்கும் ஒழுங்கா வருது. நான் ஏன் கணக்குல இல்ல? ஜெர்மனிக்காரங்களுக்கு மட்டும் இதுல என்ன அப்படி ஒரு பைத்தியம்?

லாஸ்பேட்டை கேபிள்:
அண்ணே, அந்த 10-லேயே விடை இருக்கு. 8 முழு இணைப்பு, பிளாக் மட்டும் வாங்குற இணைப்பு 2. பத்தும் உங்க நோடு தானா வெளியில போய்ப் பிடிச்சது. வெளியிலேருந்து உங்களைத் தேடி ஒருத்தரும் வரல.

பிட்நோட்ஸ் ஒரு நோடுகிட்ட "உனக்குத் தெரிஞ்ச முகவரியெல்லாம் குடு"ன்னு வாங்கும், ஒவ்வொரு கதவாப் போய்த் தட்டும். திறக்கிறவங்க மட்டும்தான் கணக்கு. ரவுட்டர்ல வேன் ஐபி (இன்டர்நெட் கம்பெனி ரவுட்டருக்குக் குடுத்த முகவரி) பாருங்க. 100.64-லேருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா அது கேரியர் நாட். ஒரே ஐபிவி4 (பழைய வகை இணைய) முகவரியை ஏகப்பட்ட வீடு பங்கு போட்டுக்குது. நீங்க ரவுட்டர்ல பிட்காயினோட 8333 போர்ட்டைத் திறந்து விட்டாலும் தட்டுற சத்தம் உங்க வாசலுக்கு வராது.

ஜெர்மனியில தெரியுறது பெரும்பாலும் வாடகை சர்வர்ணே. ஃபால்கன்ஸ்டைன், நியூரம்பெர்க்னு ஹெட்ஸ்னர்ங்கிற சர்வர் வாடகைக் கம்பெனியோட டேட்டா சென்டர் இருக்கு, வாடகை மலிவு. நான் இங்க புதுச்சேரியில உக்காந்து அங்க ஒண்ணு எடுத்து ஓட்டினா அதுவும் ஜெர்மன் புள்ளிதான். 2022 நவம்பர்ல அந்தக் கம்பெனி சொலானாங்கிற இன்னொரு காயின் நெட்வொர்க்குக்குக் கதவைச் சாத்துச்சி. ஆயிரத்துக்கு மேல வாலிடேட்டர் (சொலானா கணக்கைச் சரிபார்க்குற மெஷின்), மொத்த ஸ்டேக்குல (அதுக்குப் பிணையா வெச்ச காயின்ல) சுமார் 20 சதவீதம், ஒரே வீச்சுல துண்டாச்சி. ஓட்டினவங்க பல நாட்டுக்காரங்க, ஆனா வாடகைக்கு இருந்தது ஒரே வீடு. சொலானா ஓட்டம் நிக்கல, அது வேற விஷயம். அதனால நாட்டை எண்ணுறதைவிட எந்தக் கம்பெனி கம்பியில தொங்குதுன்னு எண்ணுறதுதான் என்னைக் கேட்டா சரி. பிட்காயினுக்கும் 2017-ல சூரிச் இடிஹெச் பல்கலைக்கழக ஆளுங்க இருந்த ஒரு குழு பார்த்துச்சி: வெறும் 13 இணைய நிறுவனத்துக்குள்ள 30 சதவீத நோடு.

மீட்டர் மணி:
இதுல பைசா வராதுன்னா ஈபி பில்லை யார் கட்டுறது? சீனாக்காரன் தடை போட்டே இந்த மெஷினையெல்லாம் விரட்டிட்டானே.

லாஸ்பேட்டை கேபிள்:
2021-ல சீனா விரட்டினது மைனிங் மெஷினை சார். நோடு வேற, மைனிங் வேற. மைனிங்னா புது பிளாக் போட்டுக் காயின் சம்பாதிக்கிறது. அண்ணன் ஓட்டுறது கணக்கு சரியான்னு பார்க்குற வேலை, அதுக்குச் சம்பளம் கெடையாது.

நெல்லிக்குப்பத்தான்:
மேப்பையே ரொம்ப நம்பாதீங்க. ஐபியை வெச்சு ஊரைச் சொல்றது பாதி ஊகம். அமெரிக்காவுல எந்த ஊருன்னு தெரியாத ஐபிக்கெல்லாம் நாட்டு நடுவுல ஒரு இடத்தைக் குறிச்சு வெச்சிருந்தாங்க. 60 கோடி ஐபி கான்சஸ்ல ஒரு பண்ணைவீட்டு மேல விழுந்துச்சு. பாவம், அந்த வீட்டுக்குப் போலீஸ்காரங்க வந்துக்கிட்டே இருந்தாங்களாம். 2016-ல தான் விஷயம் வெளிய வந்துச்சு.

அதுவும் இல்லாம, பிட்நோட்ஸ் எண்ணுற பிட்காயின் நோடுல பாதிக்கு மேல டோர்ங்கிற முகவரி மறைக்கிற நெட்வொர்க் வழியா ஓடுது. டோர்ல ஊரும் கெடையாது, நாடும் கெடையாது, மேப்புல புள்ளியும் கெடையாது. உங்களுக்குக் கதவு திறந்தா போதும்னா டோர் போடுங்க, நாட் தொல்லை இல்ல. புள்ளிதான் வேணும்னா ஐபிவி6 (பங்கு போடாத புது வகை முகவரி) இருக்கான்னு பாருங்க.

புலியூர் சர்வீஸ்காரன்:
கேபிள் தம்பி சொன்ன மாதிரியேதான், வேன் ஐபி 100.72-ன்னு நிக்குது. இத்தனை வருசம் ஊருக்கெல்லாம் ரவுட்டர் மாட்டிக் குடுத்திருக்கேன், சொந்தக் கடையில இதைக் கவனிக்கல. ஐபிவி6 இருந்துச்சு. ரவுட்டர் ஃபயர்வால்ல அந்த மெஷினுக்கு மட்டும் 8333 திறந்தேன். ராத்திரிக்குள்ள உள்ளே 4 பேர் வந்துட்டாங்க. இன்னிக்குக் காலையில 9.

புள்ளியும் வந்துடுச்சு. சென்னையில. கடையை எப்பப்பா அங்க மாத்தினேன்னு கேக்குறான் பையன்.