முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு தொடை மெலிந்துவிட்டது, பலம் எப்போது திரும்பும்?

கேள்வி: தேனி ரெய்டர்
வணக்கம். கபடியில் வலது முட்டி திரும்பி முட்டிக்குள் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்துவிட்டது. பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வு வைத்திருக்கிறார்கள். இப்போது மூன்றாவது மாதம். சமதரையில் நன்றாக நடக்கிறேன். மாடிப்படி இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பிடிக்காவிட்டால் முட்டி மடங்கிவிடுமோ என்று இருக்கிறது. முட்டிக்கு மேலே, உட்பக்கம் உருண்டு நின்ற சதையையே காணோம். தினமும் காலை நீட்டித் தூக்கும் பயிற்சி செய்கிறேன், அப்புறமும் தொடை ஏறவில்லையே, ஏன்? பொங்கல் போட்டியில் ஆட ரொம்ப ஆசை. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

பதில்: பிசியோ அக்கா
தம்பி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். சாயங்காலம் முட்டி வீங்குகிறதா? மல்லாந்து படுத்தால் முட்டி முழுதாக நீட்டுகிறதா?

பதில்: தேனி ரெய்டர்
கொஞ்சம் வீங்கும் அக்கா. படுத்தால் முட்டிக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிறது. இடது முட்டியில் ஒரு விரல்கூட நுழையாது.

பதில்: பிசியோ அக்கா
வீக்கமும், முட்டி முழுதாக நீளாததும்தான் காரணம். முட்டிக்குள் நீர் இருந்தால் முன்தொடைத் தசைக்கு நரம்பு வழியாகப் போகும் உத்தரவே குறைந்துவிடும். நீங்கள் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாகச் சுருங்காது. முதலில் ஐஸ் வைத்து வீக்கத்தை இறக்குங்கள். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியைக் கீழே அழுத்துங்கள், முட்டிச் சில்லு மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். காலைத் தூக்குவது மட்டும் இந்தக் கட்டத்தில் போதாது. சர்ஜனிடம் கேட்டுவிட்டு லெக் பிரஸ் (மெஷினில் காலால் எடையைத் தள்ளுவது), அரை ஸ்குவாட் (பாதி உட்கார்ந்து எழுவது), தாழ்வான படியில் மெதுவாக இறங்குவது எல்லாம் சேர்க்க வேண்டும்.

பொங்கலுக்கு ஆட வேண்டாம் தம்பி. ஏசிஎல் ஆபரேஷன் செய்தவர்களை வைத்து 2016இல் வந்த டெலவர்-ஓஸ்லோ ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் ஆனாலும் தொடை பலத்தை மெஷினில் அளந்து, வலது கால் இடதுகாலில் 90 சதவீதமாவது வந்த பிறகுதான் களம்.

பதில்: வாலிபால் செல்வி
எனக்கும் இதே ஆபரேஷன்தான் அண்ணா. தசையைச் சுருங்க வைக்கும் கரன்ட் வைத்த பிறகுதான் எனக்குத் தொடை வேலை செய்தது. வலிக்கு வைக்கும் கரன்ட் வேறு, கேட்டு வாங்குங்கள். படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வைத்தால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும்.