தலைமாட்டில் தொங்கிய பை: மூளை நீர் வடித்த நாட்களின் அனுபவப் பகிர்வு

அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. மண்டையில் துளை போட்டுக் குழாய் இறக்கி 16 நாள் நீர் வடித்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார், நடக்கிறார், டிவி சத்தத்தைக் குறைத்தால் என்னைத் திட்டுகிறார். அந்த 16 நாளில் நான் பயந்ததில் பாதி, யாராவது இரண்டு நிமிடம் நின்று விளக்கியிருந்தால் இருந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

குளித்துவிட்டு வந்தவர், "பின்மண்டைல யாரோ ஓங்கி அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். உடனே வாந்தி. அரை மணி நேரத்தில் கண் சொருக ஆரம்பித்துவிட்டது. ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம் பரவியிருந்தது. ரத்தக்குழாய் ஒன்றில் இருந்த சின்னப் புடைப்பு வெடித்திருக்கிறது. வெடித்ததை அடைத்துவிட்டால் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். டாக்டரோ, "அதை நாளைக்குப் பார்க்கலாம். உள்ளே தண்ணி தேங்குது, முதல்ல அதை வடிக்கணும்" என்றார்.

மூளைக்குள் என்ன தண்ணீர்? அங்கே உள்ள அறைகளில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறிக்கொண்டிருக்குமாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மி.லி. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மி.லி. அளவுதான், மீதி ரத்தத்தில் கலந்து போய்விடும். கசிந்த ரத்தம் அந்த வழியை அடைத்துக்கொண்டால் போக்கு நின்றுவிடும், ஊற்று நிற்காது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. அழுத்தம் ஏறி மூளையைத்தான் நசுக்கும்.

அன்று இரவே வலது நெற்றிக்கு மேல், முடிக்குள், குழாய் போட்டார்கள். மறுநாள் தொடை வழியாகக் கம்பி ஏற்றிப் புடைப்பை அடைத்தார்கள். அது பெரிய வேலைதான், ஆனால் எங்களைப் பிடித்து ஆட்டியது இந்தக் குழாய்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம், அதில் அளவுகோல். அளவுகோலில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குக் கீழே பை. தலையிலிருந்து வரும் மெல்லிய குழாய் குடுவைக்குள் சொட்டும். மோட்டார் எதுவும் கிடையாது, எல்லாம் உயரக் கணக்கு. காதுத் துவாரத்துக்கு நேராகப் பூஜ்யம். அங்கிருந்து 10 செ.மீ. மேலே குடுவை வாய் இருந்தால், உள்ளழுத்தம் அதைத் தாண்டும்போது மட்டும் நீர் சொட்டும். குடுவையை ஏற்றினால் வடிவது குறையும், இறக்கினால் கூடும்.

இது புரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். நான்காம் நாள், அப்பா தலையணையிலிருந்து சரிந்து கிடந்தார். கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றும் பட்டனை அமுக்கினேன். அவ்வளவுதான். தலை மேலே போனது, குடுவை இருந்த இடத்திலேயே இருந்தது. சொட்டிக்கொண்டிருந்த நீர் கோடாக ஓட ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடிவந்து குழாயின் திருகை மூடினார். திட்டவில்லை. மூடிவிட்டு, பூஜ்யத்தைத் திரும்பக் காதுக்கு நேராக வைத்துவிட்டு, "இந்தக் கட்டிலை நாங்க மட்டும்தான் தொடணும்மா" என்றார். ஒரேயடியாக நிறைய வடிந்தால் மூளை சுருங்கி, அதன் மேலுள்ள சிறு ரத்தநாளங்கள் இழுபட்டு அறுந்து இன்னொரு ரத்தக்கசிவே வரலாம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் சிவப்பு. பிறகு வெளிறிய ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். மஞ்சளைப் பார்த்து மஞ்சள் காமாலையோ என்று பயந்தேன். கசிந்த ரத்தம் உடையும்போது வரும் நிறமாம் அது. தினமும் பார்வை நேரத்தில் அப்பா முகத்துக்கு முன் பையைத்தான் பார்ப்பேன். நீர் தெளிந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அது தப்பு. நீர் தண்ணீர் மாதிரி வந்த பிறகும் குழாயை எடுக்க முடியவில்லை.

குழாயைப் போடுவது அரை மணி வேலை. எடுப்பதுதான் பெரும்பாடு. குடுவையை 10-லிருந்து 15, அப்புறம் 20 என்று ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூளையே தன் நீரைப் பார்த்துக்கொள்கிறதா என்று பார்ப்பது. கடைசியில் திருகை மூடிவிட்டு 24 மணி நேரம் காத்திருப்பார்கள். பதினோராம் நாள் மூடினார்கள். ஒன்பதாவது மணி நேரத்தில் அப்பா என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிட்டார். தலைவலி என்று முனகினார். திரும்பத் திறந்துவிட்டார்கள். வெளியே வந்து அழுதேன். பயிற்சி டாக்டர் ஒருவர், "நாலு நாள் கழிச்சு மறுபடி மூடிப் பார்ப்போம், இது சகஜம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் தடவை தாங்கிவிட்டது. ஸ்கேனில் மூளை அறைகள் பெரிதாகவில்லை. குழாயை உருவி ஒரு தையல் போட்டார்கள். அடுத்த இரண்டு நாள் தலையணை ஈரமாகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன்.

உங்களுக்கு எப்படி இருந்தது?

*

நரம்பியல் ஐசியுவில் இரவுப் பணி பார்க்கிறவள் நான். கட்டில் பட்டன் கதையைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! பாசத்தில்தான் அமுக்குகிறார்கள்.

குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது நோயாளி இருமினாலும், புரட்டிப் படுக்க வைத்தாலும், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனாலும் நாங்கள் முதலில் திருகை மூடுவோம். முடிந்ததும் திறக்க மறக்கக் கூடாது. மூடியே கிடந்தால் அது இன்னொரு ஆபத்து. மணிக்கு ஒருதரம் எவ்வளவு வடிந்தது என்று எழுதுவோம். குழாய்க்குள் இருக்கும் நீர் நாடித் துடிப்போடு லேசாக ஏறி இறங்கும், கூர்ந்து பார்த்தால் தெரியும். அந்த ஆட்டம் நின்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். குழாய் மடங்கியிருக்கிறதா, திருகு மூடியிருக்கிறதா, ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, உடனே டாக்டரைக் கூப்பிடுவோம்.

எங்கள்மேல் உறவினர்களுக்கு இருக்கும் பெரிய கோபம், தூங்கவிடாமல் எழுப்புகிறோம் என்பது. "இப்பதான் கண்ணயர்ந்தார் சிஸ்டர், விட்டுடுங்களேன்." விட முடியாது. பேர் என்ன, எங்கே இருக்கீங்க, இது எந்த மாதம், என் விரலை இறுக்கிப் பிடிங்க, கண்ணில் டார்ச். அழுத்தம் ஏறுவதன் முதல் அடையாளமே அந்தத் தூக்கம்தான். நல்ல தூக்கமா, கெட்ட தூக்கமா என்று எழுப்பாமல் தெரியாது.

இன்னொன்று, கிருமி. வெளியிலிருந்து நேராக மூளைக்குள் போகும் பாதை அது. அதனால்தான் தேவையில்லாமல் குழாயைத் திறக்க மாட்டோம், தினமும் நீர் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பவும் மாட்டோம். நாள் கூடக் கூடக் கவலையும் கூடும். காய்ச்சல் வந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

*

நான் நோயாளி. மூடிப் பார்த்தது எனக்கு மூன்று தடவையும் சரிவரவில்லை. கடைசியில் ஷன்ட் வைத்தார்கள். தலையிலிருந்து காதுக்குப் பின்னால், கழுத்து, மார்பு என்று தோலுக்கடியிலேயே குழாய் ஓடி வயிற்றுக்குள் முடிகிறது. நீர் அங்கே உறிஞ்சப்பட்டுவிடும். என் பேரன், "தாத்தா, உங்க மூளைத் தண்ணி வயித்துக்குப் போகுதா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எவ்வளவு நீர் வடியலாம் என்று கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று காதுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் அளவை வெளியிலிருந்தே காந்தத்தால் திருத்துகிறார்கள். ஆபரேஷன் வேண்டாம். ஆனால் வால்வின் வகையைப் பொறுத்து எம்ஆர்ஐ எடுத்தால் அந்த அளவு மாறிவிடலாம். என்னுடையது அந்த வகை. எடுத்த பிறகு ஒருதரம் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காந்தம் வைத்த ஹெட்ஃபோனையும் அந்தப் பக்கம் ஒட்டி வைப்பதில்லை. மற்றபடி அது இருப்பதே மறந்துபோகும். தலை சீவும்போது சீப்பு இடறும், அவ்வளவுதான்.

*

படித்துக்கொண்டே வந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கணவருக்கு ரத்த அழுத்தத்தால் மூளையின் ஆழத்தில் ரத்தக்கசிவு, அறைகளுக்குள்ளும் பரவிவிட்டது. குழாய் போட்டார்கள். நன்றாக வடிந்தது. அழுத்தம் 10, 12 என்று திரையில் சாதாரணமாகவே இருந்தது. நான் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை வைத்தேன். அவர் கண் திறக்கவே இல்லை. குழாய் அழுத்தத்தைத்தான் குறைக்கும், ரத்தம் ஏற்கெனவே சிதைத்த இடத்தைத் திருப்பித் தராது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. இருபதாம் நாள் போய்விட்டார். எண் நன்றாக இருக்கும்போதும் "ஆள் எப்படி இருக்கிறார்?" என்று தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

*

மேலே எழுதிய அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நினைத்துக்கொள்கிறேன்.

என் மகன் 27 வாரத்தில் பிறந்தவன். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளை அறையோரத்து ரத்தநாளங்கள் மிக மெல்லியவை, முதல் சில நாட்களில் கசியலாம் என்றார்கள். அவனுக்குக் கசிந்தது. உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்கள், எலும்பு மூடாததால் அந்த ஜன்னல் இருக்கிறது. தினமும் காகித டேப்பால் தலையைச் சுற்றி அளப்பார்கள். மில்லிமீட்டர் கணக்கில் உயிர் ஊசலாடுவதை அந்த டேப்பில்தான் பார்த்தேன். ஒரு வாரத்தில் 2 செ.மீ.க்கு மேல் கூடியது. உச்சிக்குழி தொட்டால் இறுக்கமாக, உப்பலாக இருந்தது.

அவ்வளவு சின்ன உடம்புக்கு உடனே ஷன்ட் வைக்க முடியாது, எடை ஏற வேண்டும். அதுவரை தலைத்தோலுக்கு அடியில் ஒரு சிறு குமிழ் வைத்து, அதில் மெல்லிய ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். 1963-ல் ஒம்மாயா என்ற பாகிஸ்தானிய மூளை அறுவை மருத்துவர் முன்வைத்த யோசனை அது. கிலோவுக்கு 10 மி.லி. கணக்கு, சிரிஞ்சை அவசரமில்லாமல் இழுப்பார்கள். எடுத்து முடித்ததும் உச்சிக்குழி கொஞ்சம் உள்வாங்கும். அவன் முகம் தளர்ந்துவிடும். அதைப் பார்க்கத்தான் பக்கத்தில் நிற்பேன்.

2 கிலோவைத் தாண்டிய பிறகு ஷன்ட். வளர வளர இழுபட்டுக் குட்டையாகிவிடாமல் இருக்க வயிற்றுக்குள் கூடுதல் நீளத்தைச் சுருட்டி விட்டிருக்கிறார்கள். முதல் வால்வுகளில் ஒன்றைச் செய்தவர் ஜான் ஹோல்டர் என்ற மெக்கானிக்காம், 1956-ல், தன் மகனுக்காக. அந்த அப்பாவை அடிக்கடி நினைப்பேன்.

இப்போது இவனுக்கு ஆறு வயது. ஒருதரம் ஷன்ட் அடைத்துக்கொண்டது. காலையில் வாந்தி, பகலெல்லாம் தூக்கம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். நானேதான். மறுநாள் கண் மேலே ஏறாமல் கீழே தாழ்ந்திருந்ததைப் பார்த்துத்தான் ஓடினோம். ஷன்ட் உள்ள பிள்ளைக்கு வாந்தியும் தூக்கமும் சேர்ந்து வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

*

முதலில் எழுதியவள் மறுபடி. நேற்று அப்பாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். அந்த 16 நாளில் அவருக்கு ஏறக்குறைய எதுவும் ஞாபகமில்லை. கணவரை இழந்த அம்மா எழுதியதைத் திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் இரவுப் பணி சிஸ்டருக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார்: "எந்த மாசம்னு அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லு. வாய்தான் வரல."