யூத வீட்டுப் பிரசவங்கள்: உங்கள் மனதில் நிற்பது எது?

தேம்ஸ்காரி
லண்டனில் செவிலியாக இருக்கிறேன். இங்கே ஸ்டாம்ஃபர்டு ஹில் பக்கத்தில் ஹசிதிக் குடும்பங்கள், அதாவது மிகவும் ஆசாரமான யூதர்கள், நிறைய. அப்படி ஒரு வீட்டுப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். உதிரம் கண்டால் தீட்டு என்பதால் கணவன் அவளைத் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வேதத்தின் சங்கீதங்களை ஓதிக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர் கேட்டாள். டம்ளரைக் கையில் தராமல் மேசையில் வைத்தான். எடுக்கப் போனவளுக்கு வலி வந்துவிட, டம்ளரை விட்டு என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டாள். அவன் திரும்பினான். அவன் பார்த்தது அவளை அல்ல, என் கையை. பொறாமை என்றுதான் அதைச் சொல்ல முடியும்.

காவேரி மகள்
இதில் உருக என்ன இருக்கிறது? நம் பாட்டிகளைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்த அதே தீட்டுதான். பைபிளில் லேவியராகமம் 12-ஐப் படியுங்கள். ஆண் பிறந்தால் தாய்க்குத் தீட்டு 7 நாள், சுத்தமாக இன்னும் 33 நாள். பெண் பிறந்தால் 14-உம் 66-உம். எத்தனை வியாக்கியானம் சொன்னாலும் எனக்கு ஏறாது. என் தோழிக்கு மகன் பிறந்தபோது எட்டாம் நாள் விருத்தசேதனம், விருந்து, ஊரே திரண்டது. மகள் பிறந்தபோது தகப்பன் மட்டும் ஜெப ஆலயத்துக்குப் போய், தோரா என்னும் வேத வாசிப்பின் நடுவில் பெயரை அறிவித்துவிட்டு வந்தான். பெற்றவள் படுக்கையில் கிடந்தாள்.

நெதன்யா பணிப்பெண்
காவேரி அக்கா, எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நான் பார்த்துக்கொண்ட எத்தியோப்பிய யூதப் பாட்டி 1991 மே மாதம் விமானத்தில் இஸ்ரேலுக்கு வந்தவர். 36 மணி நேரத்துக்குள் 14,000 பேருக்கு மேல் ஏற்றி வந்தார்களே, அதில். வானத்திலேயே சிலருக்குப் பிரசவம் ஆனது. அவருடைய கிராமத்தில் பிள்ளை பெற்றவள் ஊருக்கு ஒதுக்குப்புறமான குடிசையில் நாற்பதோ எண்பதோ நாள் இருப்பாள். சுற்றிக் கல் வரிசை, சாப்பாடு அதுவரை வரும். பேத்தி பிள்ளை பெற்று வந்து அடுப்படியில் நின்ற அன்று பாட்டி பால்கனியில் நாற்காலி போட்டு, "இங்கே வந்து உட்கார், ஒருவரும் உன்னிடம் வேலை சொல்ல மாட்டார்கள்" என்று அதட்டினார். பேத்திக்குக் கோபம், பாட்டிக்கு அழுகை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.

ஜெர்சி வாசி
என்னுடையது வேறு. பக்கத்து வீட்டார் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். யூத மரபில் தாய்வழிதான் கணக்கு. ஆகவே குழந்தையை மதம் மாற்ற மிக்வே என்னும் சடங்குக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள், என்னையும் அழைத்தார்கள். மூன்று ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், சாட்சி. தாய் மார்பளவு நீரில் நின்று குழந்தையின் முகத்தில் ஊதினாள். ஊதினால் குழந்தை மூச்சை அடக்குமாம். அந்த நொடியில் கையை விட்டு முழுதாக முக்கி எடுத்தாள். கையை விடத்தான் வேண்டும், தண்ணீர் எல்லா இடமும் பட வேண்டும் அல்லவா? பருவம் வந்ததும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு என்றும் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது அந்தத் தாயின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

மூத்த உறுப்பினர்
நானும் ஒரு விருத்தசேதனத்துக்குப் போனேன். எலியா தீர்க்கதரிசிக்கென்று காலியாக வைத்த நாற்காலியில் உட்காரப் போய், தடுத்துவிட்டார்கள். நீங்கள் போனால் கவனியுங்கள். கர்ப்பிணிக்கு "மஸல் தோவ்" என்று வாழ்த்துச் சொல்லாதீர்கள். "பெஷாஆ தோவா", நல்ல நேரத்தில் நடக்கட்டும் என்பதே வழக்கம். பிறக்கும் முன் தொட்டில், துணி எதுவும் வாங்கித் தராதீர்கள், பலர் விரும்புவதில்லை. ஆண் குழந்தையின் பெயரை எட்டாம் நாளுக்கு முன் கேட்காதீர்கள். விருத்தசேதனத்துக்கு அழைப்பு வரவில்லையே என்று கோபிக்காதீர்கள்: ஆசாரமானவர்கள் அழைப்பதில்லை, நேரத்தை மட்டும் சொல்வார்கள். அழைத்து வராமல் போனால் பாவமாம். கோஷர் முத்திரை, அதாவது யூத உணவு விதிப்படி ஆனது என்ற முத்திரை, இல்லாத இனிப்பு வேண்டாம். தலைப்பிள்ளைக்கு முப்பது நாள் கழிந்ததும் ஆசாரியரிடம் ஐந்து வெள்ளிக் காசு கொடுத்து மீட்கும் சடங்கு உண்டு. சிசேரியன் என்றால் கிடையாது, பரிசு வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காவேரி மகள்
பெண் தலைப்பிள்ளைக்கும் கிடையாது. அதை விட்டுவிட்டீர்களே, ஐயா.