கப்பல் கதவை மூட மூன்று பேர் எதற்கு?

நித்திரவிளைக்காரி:
என் தம்பி கார் ஏற்றும் கப்பலில் ஜிபி ரேட்டிங்காக, அதாவது சாதாரண மாலுமியாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. நேற்று வாட்ஸாப்பில் ஒரே புலம்பல். துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் கார் ஏறி இறங்கும் பின்பக்கக் கதவு, ராம்ப் என்பார்கள், மூடியாயிற்றா என்று இவன் போய்ப் பார்க்க வேண்டுமாம். அப்புறம் மாலுமிகளின் தலைவரான சேரங் பார்ப்பாராம், அதற்குப் பிறகு சீஃப் ஆபீசர் கையெழுத்துப் போடுவாராம். கப்பலை ஓட்டும் பிரிட்ஜில், கதவு மூடியாயிற்று என்று பச்சை விளக்கு எரிந்தாலும் விடுவதில்லையாம். இன்னொன்று, மெஸ் ரூம் சுவரில் ‘டிபிஏ’ என்று ஒருவர் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கிறதாம், யாரும் எப்போதும் கூப்பிடலாமாம். புதுப்பையன் கூப்பிட்டால் அடுத்த காண்டிராக்ட் கிடைக்குமா? அம்மா அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் டைட்டானிக்கால் வந்த சட்டமா?

களியக்காவிளை வாத்தியார்:
டைட்டானிக் 1912இல் மூழ்கியது. 1914இல் லண்டனில் சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார்கள். கப்பலில் இருக்கும் எல்லோருக்கும் லைஃப்போட்டில் இடம், இரவும் பகலும் வயர்லெஸ் காவல் எல்லாம் அதில் வந்தவை. கதவு விஷயம் வேறு. கப்பலில் வேலை பார்த்தவர்கள் சொல்லட்டும்.

நீரோடி சேரங்:
மக்களே, நான் 31 வருடம் கப்பலில் இருந்தேன், கடைசிப் பதினைந்து வருடம் சேரங்காக. இது என் வேலையைப் பற்றிய கதை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

1987 மார்ச் 6, பெல்ஜியத்தில் ஜீப்ரக் துறைமுகம். ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற ஃபெர்ரி டோவருக்குக் கிளம்பியது. முன்பக்கக் கதவு திறந்தே கிடந்தது. மூட வேண்டியவர் துணைச் சேரங். அன்றைய வேலை முடிந்து கேபினில் தூங்கிவிட்டார், கிளம்பும் அறிவிப்பு அவர் காதில் விழவில்லை. சேரங் கார் தளத்தை விட்டு ஏறும்போது கதவு திறந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அது தன் வேலை இல்லை என்று போய்விட்டார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சீஃப் ஆபீசர் கதவு மூடுவதை உறுதி செய்ய வேண்டும், அதே நேரத்தில் பிரிட்ஜிலும் நிற்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி நிற்பார்? கேப்டனோ, யாரும் வந்து பிரச்சினை என்று சொல்லாததால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டார். பிரிட்ஜிலிருந்து அந்தக் கதவு கண்ணுக்கே தெரியாது. வேகம் கூடக் கூடத் தண்ணீர் கார் தளத்தில் ஏறியது. கப்பல் சாய ஒன்றரை நிமிடம்தான் ஆனது. 193 பேர் செத்தார்கள்.

அதற்கு முன்பே கேப்டன்கள், பிரிட்ஜில் ஒரு விளக்கு வையுங்கள், கதவு மூடியிருக்கிறதா என்று தெரியட்டும் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். அங்கே கிண்டலடித்து ஒதுக்கிவிட்டார்கள். ஒரு விளக்கு, மக்களே! விசாரித்த நீதிபதி ஷீன், தூங்கியவரோடு விடவில்லை. மேலிருந்து கீழ்வரை கம்பெனியையே அலட்சியம் என்னும் நோய் பிடித்திருந்தது என்று எழுதினார்.

அடுத்த வருடமே சோலாஸைத் திருத்தினார்கள், அந்தப் பச்சை விளக்கு அப்படி வந்தது. பிறகு 1993இல் ஐஎஸ்எம் கோட், கப்பலைப் பாதுகாப்பாக நடத்தக் கம்பெனிகளுக்கான விதித்தொகுப்பு. 1998இல் பயணிகள் கப்பல், டேங்கர், நிலக்கரி, தானியம் போன்றவற்றை அப்படியே கொட்டி ஏற்றும் பல்க் கேரியருக்கும், 2002இல் மற்ற சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயமானது. கரையில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும், அவர் கம்பெனியின் மேல்மட்டத்தை நேரடியாக எட்ட முடிய வேண்டும் என்கிறது அது. உன் தம்பி பார்த்த டிபிஏ அவர்தான்.

அதற்கு முன்னும் பின்னும் இருந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். 1994இல் ஒரு பல்க் கேரியரில் துறைமுகத்தில் வழிகாட்ட வரும் பைலட் ஏறும் ஏணியின் கயிறு நைந்திருந்தது. இரண்டு முறை சொன்னேன். இன்னும் ஒரு பயணம் ஓட்டு என்றார்கள். நானே இரவில் உட்கார்ந்து கயிறு பின்னினேன், பைலட் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்தோணியாரைக் கும்பிட்டேன். 2003இல் வேறு கம்பெனிக் கப்பலில் அதே மாதிரி ஏணி. விபத்து மயிரிழையில் தப்பியதைப் பதியும் நியர் மிஸ் தாளில் எழுதி, நகலைக் கரைக்கு அனுப்ப வைத்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் புது ஏணி வந்து நின்றது.

நித்திரவிளைக்காரி:
அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன் மாமா. அந்த துணைச் சேரங்கை நினைத்து அழுதுவிட்டார். ஆனால் காண்டிராக்ட்?

நீரோடி சேரங்:
மறைக்காமல் சொல்கிறேன். மாலுமிகளின் வேலை உரிமைகளுக்காக எம்எல்சி 2006 என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவும் ஏற்றிருக்கிறது. புகார் சொன்ன மாலுமியைப் பழிவாங்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் முகம் சுளிக்கும் ஆபீசர்கள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். அதனால் எடுத்த எடுப்பில் போன் வேண்டாம். முதலில் தன் சேரங்கிடம் சொல்லட்டும், நியர் மிஸ் தாளில் தேதி போட்டு எழுதட்டும், ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் தயங்காமல் அந்த நம்பருக்குக் கூப்பிடட்டும். உயிர் போகிற ஆபத்து என்றால் இந்த வரிசையே வேண்டாம்.

ராம்ப் மூடிய பிறகு ஓரத்து ரப்பரை டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பார்க்கச் சொல். விளக்கு பச்சையாக இருந்தாலும். வேறு எதுவும் கேட்க வேண்டுமென்றால் அவனையே எழுதச் சொல், ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்க்கிறேன்.