மேட்டு லயத்துச் சொந்தங்கள்

செல்வி சித்தி: [படம்] நம் தோட்டத்து லய வரிசை வீடுகளை உடைத்துவிட்டு இப்படித்தான் மாடி வீடு கட்டப் போகிறார்களாம். ஞாயிறு கோயிலடியில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

ராமு மாமா: எத்தனை மாடி?

செல்வி சித்தி: பத்து மாடியாம். பணிய லயத்தில் பன்னிரண்டு என்கிறார்கள்.

பெரியப்பா: வீட்டுக்கு வீடு தருவதாகச் சொன்ன 7 பேர்ச் காணி என்ன ஆச்சு?

தினேஷ்: சித்தி, அந்தப் படம் கொழும்பு பேரை வாவிக்குப் பக்கத்தில் இருக்கிற அல்டேர். வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கிறேன். 68 மாடி, 63 மாடி என்று இரண்டு கோபுரம், ஒன்று மற்றதன்மேல் சாய்ந்து நிற்கும். உயரம் 240 மீட்டர். வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. சிங்கப்பூர் மெரினா பே சாண்ட்ஸும் அவருடையதுதான்.

அமுதா: மேலே கப்பல் மாதிரி இருக்குமே, அதுவா?

பெரியப்பா: கப்பல் இருக்கட்டும். மாட்டை எந்த மாடியில் கட்டுவது?

ராமு மாமா: எங்கள் கோழிக்கூட்டை உடைத்துத்தானே அந்தப் பட்டியே வந்தது.

பெரியப்பா: அப்பா காட்டிய இடம் அது. மறுபடி ஆரம்பிக்காதே ராமு.

செல்வி சித்தி: இரண்டு பேரும் சும்மா இருங்கள். தம்பி நீ சொல்லு.

தினேஷ்: உயரத்துக்குப் பயம் வேண்டாம், மண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும். கொழும்பில் கல் தட்டும் வரை துளைத்து, நாங்கள் கட்டிய கம்பிக்கூட்டை இறக்கி, கொங்கிறீட் ஊற்றுவார்கள். நடுவில் லிப்டையும் படியையும் சுற்றித் தடித்த சுவர் எழும்பும், காற்றுக்கு அதுதான் ஈடு கொடுக்கும். நம் மேடு அப்படி இல்லை. மழை ஊறினால் மேல்மண் வழுக்கும். கட்டடத்துக்காக அடிவாரத்தை வெட்டினால் சரிவுக்குக் கால் போய்விடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் எங்கே என்று முதலில் கேளுங்கள்.

செல்வி சித்தி: மீரியாபெத்தை மண்சரிவு. 2014 அக்டோபர் 29. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வரும்போது லயம் இல்லை.

அமுதா: 🙏

பெரியப்பா: 🙏 ஆறாம் காம்பராவுக்குப் பின்னால் வெடிப்பில் கை விட்டேன். மணிக்கட்டு வரை போகிறது.

ராமு மாமா: பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நாங்கள் ஆறு பேர். மாடியோ தரையோ, வீடு தந்தால் நான் கையெழுத்துப் போடுவேன்.

அமுதா: வெள்ளிக்கிழமை சடங்குக்குப் பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது?

செல்வி சித்தி: பெரியப்பா வீட்டில்.

ராமு மாமா: அதுவும் அங்கேதானா.

தினேஷ்: மாமா சொல்வதும் நியாயம். மாடி கட்டினாலும் மண் கேளுங்கள். அதே சாஃப்டி 1967இல் மொன்றியாலில் 354 கொங்கிறீட் பெட்டிகளைத் தனியாக வார்த்து, கிரேனில் தூக்கி, படிப்படியாக அடுக்கி வீடுகள் கட்டினார். கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்குத் தோட்டம். எங்கள் தேயிலை மலை மாதிரியே இருக்கும். அம்மாவுக்கு நாலு கறிமிளகாய்ச் செடி வைக்க இடமில்லாத வீடு வேண்டாம்.

பெரியப்பா: கூரையில் மண் போட்டால் ஒழுகும்.

தினேஷ்: நீர் இறங்காத பூச்சும் வடிகாலும் போட்டால் ஒழுகாது பெரியப்பா.

ராமு மாமா: இங்கே தகரமே ஒழுகுகிறது.

செல்வி சித்தி: கடிதத்தைக் காட்டட்டும், பிறகு பார்ப்போம்.

ராமு மாமா: நான் போடுவேன்.

அமுதா: ஞாயிறு எத்தனை மணிக்கு? அண்டா எப்போது எடுக்கலாம்?

தினேஷ்: பஸ் கிடைத்தால் வருகிறேன். பெரியப்பா, வெடிப்புக்குப் பக்கத்தில் நெருப்புப்பெட்டி வைத்து ஒரு போட்டோ அனுப்புங்கள், அளவு தெரியும்.

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: பெட்டி உள்ளே விழுந்துவிட்டது.