ஏந்துதுணியா, அறுவையா? டிரேப்புக்குச் சொல் தேடிய மடல்கள்

தஞ்சை, செவிலியர் பயிற்றுநர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரில் புதிதாகச் சேரும் பெண்களுக்காகத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் ஓரளவு முடிந்துவிட்டது. டிரேப் என்ற இடத்தில்தான் நிற்கிறேன். அதிலும் பை வைத்த டிரேப்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுக்கும் இடத்தை மட்டும் திறந்து விட்டு, நோயாளியின் மற்ற உடம்பை மூடும் கிருமி நீக்கிய விரிப்பு இது. முழங்கால் ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்வது), சிறுநீரகக் கல், சிசேரியன், மண்டை ஓட்டு அறுவை போன்றவற்றில் இரத்தமும் கழுவும் சலைனும் நிறைய வழியும். அதற்காக விரிப்பின் ஓரத்தில் கூம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். பையின் வாயோரத்தில் வளையும் கம்பி ஒன்று உண்டு. அதை வளைத்துவிட்டால் வாய் மூடாமல் நிற்கும். உள்ளே ஒரு வலை, எலும்புத் துகளும் இரத்தக் கட்டியும் அதில் தங்கிவிடும். அடியில் ஒரு குழாய் முனை, அங்கே உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் குழாயை மாட்டலாம்.

சென்ற வருடம் கொடுத்த பயிற்சித் தாளில் இதற்கு ‘திரவ மேலாண்மைப் போர்வை’ என்று நான்தான் எழுதினேன். ஒரு மருத்துவமனையில் என்னிடம் படித்த பெண் அன்றுதான் முதன்முதலாகக் கைகழுவி மேசைக்கு நின்றாள். விரிப்பை அழகாக விரித்து, பையை மட்டும் காலுக்கு அடியில் மடித்துச் செருகிவிட்டாள், குளிருக்குக் கம்பளியைச் செருகுவது போல. பரபரப்பில் யாரும் கவனிக்கவில்லை. சலைன் ஓடத் தொடங்கியதும் தரையெல்லாம் தண்ணீர். மின்சாரத்தால் சுட்டு இரத்தத்தை நிறுத்தும் டயத்தெர்மியின் கால் சுவிட்சு வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கேட்டபோது அவள் சொன்னாள்: “போர்வைன்னு போட்டிருந்துச்சு மேடம், குளிருக்குன்னு நெனச்சேன்.” தவறு அவளுடையது இல்லை, என் சொல்லினுடையது.

படித்ததும் கை சரியாக வேலை செய்கிற மாதிரி ஒரு சொல் கொடுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, நீங்கள் தேடும் சொல் இரண்டாயிரம் ஆண்டாக நம் கையிலேயே இருக்கிறது. அறுவை.

இன்று அறுவை என்றால் சிகிச்சை. சங்க காலத்தில் அறுவை என்றால் துணி. தறியிலிருந்து அறுத்தெடுப்பதால் அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே இருந்தார். அவர் துணி வணிகர், மருத்துவர் அல்லர். ‘துணி’ என்ற சொல்லும் அப்படியே. துணித்தல் என்றால் வெட்டுதல். ‘துண்டு’ம் அந்த உறவுதான். ஆகவே ‘அறுவைத்துணி’ என்றால் வெட்டும் துணியும் இரண்டு பாதியிலும் கலந்து நிற்கின்றன. ஒரே சொல்லில் தொழிலும் பொருளும் இப்படி அமைவது அரிது.

பொருநராற்றுப்படையில் ‘நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து அரவுரி அன்ன அறுவை’ என்று வருகிறது. பார்வைகூட உள்ளே நுழைய முடியாத நெசவு, பாம்புச் சட்டை போன்ற மென்மை. கிருமி நுழையாத துணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

கோவை, எலும்பு மூட்டு மருத்துவர்:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அறுவை என்றால் துணி என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன், மகிழ்ச்சி. ஆனால் தியேட்டரில் நான் “அறுவை கொடுங்க” என்றால் சிஸ்டருக்கு என்ன புரியும்?

நாங்கள் டிரேப் என்கிறோம். ஓட்டை போட்டது ஹோல் டவல். அடியில் போடும் ரப்பர் ஷீட் மெக்கின்டாஷ். எல்லோருக்கும் புரிகிறது. ஆர்த்ராஸ்கோப்பியில் 3 லிட்டர் சலைன் பைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். உள்ளே போன தண்ணீர் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஓரிரு அசையில் சொல்ல முடிகிற சொல்தான் உதவும். ‘பை டிரேப்’ என்று போட்டுவிடுங்கள்.

திருப்பூர், துணிப் பரிசோதனைக் கூடம்:

பேராசிரியர் ஐயா மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அந்த வரியை இங்கே சான்றாகக் காட்ட முடியாது என்று நினைக்கிறேன். பார்வை நுழையாத துணியில் தண்ணீர் நுழையும்.

பருத்தித் துணி எவ்வளவு நெருக்கமாக நெய்தாலும், நூலுக்கும் நூலுக்கும் இடையே வழி இருக்கும். நனைந்தால் ஈரம் திரி போல இழுத்துக்கொண்டு போகும், கூடவே கிருமியும் போகும். அமெரிக்காவில் வில்லியம் பெக் என்ற அறுவை மருத்துவர் 1952-இல் இதை எழுதினார். ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில், வைத்து எடுத்த பச்சைத் துணி காய்ந்திருக்கும் வரைதான் காவல், நனைந்தால் காவல் போயிற்று. இன்றைய டிரேப்புகளில் பல நெய்த துணியே அல்ல. பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் ஒட்டிய மூன்றடுக்கு அது. நடு அடுக்கின் இழைகள் மிக மெல்லியவை, தடுக்கும் வேலையில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். பை இருக்கும் பக்கம் பிளாஸ்டிக் படலமும் சேரும்.

அதனால் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பது. இன்னொன்று, வழிவதைப் பிடித்துக்கொள்வது. அக்கா கேட்பது இரண்டாவதற்கான சொல் என்று புரிந்துகொள்கிறேன்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பி சொன்ன நெசவு விவரத்தை ஏற்கிறேன். அப்படியானால் ‘கலிங்கம்’. சங்கத் தமிழில் கலிங்கம் துணி. ஏரியின் மிகுநீர் வழியும் இடம் கலிங்கு. துணியும் வழிதலும் ஒரே ஒலியில் நிற்கின்றன. கலிங்க நாட்டுத் துணி என்பதால் அப்பெயர் என்பார்கள். எனக்கு அதில் நெடுநாளாக ஐயம் உண்டு. ‘கலி’ என்ற வேருக்குப் பொங்குதல், மிகுதல் என்ற பொருள்கள் உண்டு. பொங்கி விரியும் துணி கலிங்கம், பொங்கி வழியும் வாய் கலிங்கு என்று கொண்டால் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

அது கடினம் என்றால் ‘மடி’. மடியில் வாங்குகிறோம், மடியில் கட்டுகிறோம். மடித்து வைத்த துணியும் மடி. துவைத்து உலர்த்தி யாரும் தொடாமல் வைத்திருப்பதை ‘மடி’ என்பது சில வீடுகளில் இன்றும் வழக்கு. தொடாத துணி, ஏந்தும் பை, இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ‘மடித்துகில்’ என்றால் ஓசையும் நன்றாக இருக்கும்.

சென்னை, பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மடி வேண்டாம். உங்கள் நோக்கம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் ‘தொடாத’ என்ற பொருள் எந்தத் திண்ணையிலிருந்து வந்தது என்று என் பாட்டிக்குத் தெரியும். துணி மடியாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தெருவோரம் ஒதுங்கி நின்றவர்களில் ஒருத்தி அவர். கிருமி நீக்கம் நீராவியாலும் வாயுவாலும் நடப்பது, பிறப்பால் அல்ல. இந்தப் பயிற்சிக்கு வரும் பெண்களில் எத்தனை பேர் அந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று யோசியுங்கள். அவர்கள் கையில் இந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

சரியான கண்டனம். மடியைத் திரும்பப் பெறுகிறேன். கலிங்கத்தைப் பெறவில்லை.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தாதிய ஆசிரியை:

வணக்கம். இங்கே நாங்கள் அறுவை என்று சொல்வதில்லை, சத்திரசிகிச்சை என்போம். செவிலியரைத் தாதி என்போம். பேராசிரியர் ஐயாவின் ‘அறுவைத்துணி’ உங்கள் நாட்டிலேயே இரண்டு பொருள் தருமென்றால், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பொருளும் தராது. இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் வருமென்றால் சந்தோஷம்.

ஒன்று சொல்ல விரும்புகிறேன். இங்கே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார், தமிழிலே நூல்களும் ஆக்கினார். தமிழால் ஏலாது என்று இன்று ஆரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். டொக்டர் தம்பி ‘பை டிரேப்’ போதும் என்கிறார். தியேட்டருக்குள் போதும்தான். ஆனால் வாசித்துப் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் பையைக் காட்டுமே தவிர, அது என்ன செய்யும் என்று காட்டாது.

‘தாங்குசீலை’ என்று வைத்தால் என்ன?

விழுப்புரம், பிரசவ வார்டு செவிலியர்:

தாங்குசீலை கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இங்கே சீலை என்றால் புடவைதான் நினைவுக்கு வரும். தாங்குவது என்றால் கீழிருந்து முட்டுக் கொடுப்பது போலவும் தோன்றுகிறது.

நான் இருபது வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது கெல்லிஸ் பேட். காற்றடித்த ரப்பர் வளையம், முன்னால் ஏப்ரன் போல நீளும் ரப்பர் மடல். தாயின் இடுப்புக்கு அடியில் வைத்தால் பனிக்குட நீரும் இரத்தமும் அந்த மடல் வழியாக இறங்கிக் கீழே பக்கெட்டில் விழும். பக்கெட்டை எட்டிப் பார்த்து “முந்நூறு இருக்கும்” என்போம். பாதி மெத்தையில், பாதி துணியில், மிச்சம் தரையில். யார் கண்டது?

பிறகு கர்நாடகத்தின் பெல்காமில் உருவாக்கிய அளவு போட்ட பை ஒன்று வந்தது. குழந்தை பிறந்ததும் தாயின் இடுப்புக்கு அடியில் விரித்து, நாடாவை வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இரத்தம் நேராகக் கூம்புக்குள் இறங்கும், பக்கத்தில் மில்லிலிட்டர் கோடு. அங்கே நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. கண்ணால் மதித்த அளவு, பையில் அளந்ததைவிடச் சராசரி 33 சதவீதம் குறைவாக இருந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2023-இல் வந்தது. அளவுப் பை வைத்து, உடனே செய்ய வேண்டிய சிகிச்சைகளையும் ஒன்றாகச் செய்தபோது, கடும் உதிரப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. பை மட்டும் காப்பாற்றவில்லை. ஆனால் 500 கோட்டைத் தொட்டதும் கத்துவதற்கு அந்தப் பைதான் எங்களுக்குக் கண்.

என் சொல் இதுதான்: ஏந்துதுணி. பிள்ளை பிறந்ததும் நாங்கள் பிடிப்பதில்லை, தாங்குவதில்லை, ஏந்துகிறோம். விழுவதைக் கீழே விடாமல் வாங்குவதற்கு வேறு வினை எனக்குத் தெரியவில்லை. பைக்கு ஏந்துபை. கோடு போட்டிருந்தால் அளவு ஏந்துபை.

சிவகங்கை, பள்ளி ஆசிரியர்:

ஏந்துதுணிக்கு என் ஓட்டு. எங்கள் பக்கம் பல ஊர்ப் பெயர்கள் ‘ஏந்தல்’ என்று முடியும். ஏந்தல் என்றால் சிறு ஏரி. மழைநீர் சரிவில் இறங்கி வருவதை மண்கரை கட்டி வாங்கி வைத்திருக்கும் இடம். விரிப்பின் சரிவில் இறங்குவதைப் பை வாங்குவதும் அதே வேலை. இலக்கணம் கேட்பவர்களுக்கு: இது வினைத்தொகை. ஏந்திய, ஏந்துகிற, ஏந்தும் துணி. ஊறுகாய், சுடுசோறு போல. ஒற்று மிகாது.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

ஏந்தலுக்கு அரசன், பெருமகன் என்ற பொருளும் உண்டு. கை ஏந்துதல் இரத்தலையும் குறிக்கும். ஏந்துவதற்கு ஒரு கை வேண்டும், துணிக்குக் கை ஏது? சிவகங்கை நண்பர் ஏரியைக் கொண்டுவந்தார். ஏரி என்றால் கலிங்கும் இருக்குமே. அதை ஏன் ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை?

திருப்பூர், துணிப் பரிசோதனைக் கூடம்:

ஐயா, கலிங்கு ஏரி நிரம்பிய பிறகு தண்ணீரை வெளியே விடும் வாய். பையிலிருந்து தண்ணீர் வெளியே வழிந்தால் அதுதான் எங்களுக்குத் தோல்வி. அடியில் இருக்கும் குழாய் முனைக்கு வேண்டுமானால் ‘தூம்பு’ பொருந்தும். ஏரியின் அடியில் திறந்து மூடும் வழி அது.

கோவை, எலும்பு மூட்டு மருத்துவர்:

நேற்று ஓர் ஆர்த்ராஸ்கோப்பி இருந்தது. புதிதாக வந்திருக்கும் உதவியாளர் பெண்ணிடம் எந்த விளக்கமும் இல்லாமல் “அந்த ஏந்துதுணியை எடும்மா” என்றேன். இரண்டு பொட்டலம் இருந்தது. பை உள்ளதைத்தான் எடுத்தாள். வாய்க் கம்பியையும் வளைத்து நிமிர்த்தி வைத்தாள். ஒரே ஒருத்தி, ஒரே ஒரு நாள், அதை வைத்துப் பெரிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் என் ‘பை டிரேப்’பை விட்டுவிடுகிறேன். பை இல்லாத சாதாரண டிரேப்புக்கு டிரேப் என்றே இருக்கட்டும்.

சென்னை, பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

அப்படி இருக்க முடியாது டாக்டர். ஒரே பக்கத்தில் ஒன்று டிரேப், ஒன்று ஏந்துதுணி என்று வந்தால் இரண்டும் ஓர் இனம் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? பை இல்லாததற்கு ‘மறைதுணி’. ஹோல் டவலுக்குக் ‘கண்துணி’. சல்லடைக்குக் கண் உண்டு, தேங்காய்க்குக் கண் உண்டு.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தாதிய ஆசிரியை:

ஏந்துதுணி எங்களுக்கும் விளங்கும். கண்துணி மட்டும் கண் சத்திரசிகிச்சைக்குரியது என்று பிள்ளைகள் நினைப்பினம். அதைக் கொஞ்சம் யோசியுங்கோ.

தஞ்சை, செவிலியர் பயிற்றுநர்:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். கையேட்டில் ஏந்துதுணி, ஏந்துபை, தூம்பு மூன்றையும் போட்டிருக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘பை வைத்த டிரேப்’ என்று இருக்கும். மறைதுணியைச் சேர்த்துவிட்டேன். கண்துணி பற்றி யாழ்ப்பாணத்து அம்மா சொன்னது நியாயமாகப் படுகிறது. அதனால் ஹோல் டவல் இந்தப் பதிப்பில் ஹோல் டவலாகவே போகிறது. ஏந்துதுணிப் படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘பையின் வாய் எப்போதும் வெளியே, திறந்து இருக்க வேண்டும். மடித்துச் செருகக் கூடாது.’ அன்று பையை மடித்துச் செருகிய பெண்ணிடம் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

பெரும்பான்மைக்கு வழிவிடுகிறேன், உடன்பட்டேன் என்று பதிய வேண்டாம். மறைதுணி என்பது ஒளித்து வைக்கும் துணி என்றாகிறது, அங்கே மறைக்க என்ன இருக்கிறது? கண்துணிக்குக் ‘காலதர்’ என்ற சொல்லைப் பாருங்கள், சாளரம் என்று பொருள். சிலப்பதிகாரத்தில் ‘மான்கட் காலதர்’ என்றே வருகிறது, கண்ணும் அதிலேயே இருக்கிறது. கலிங்கம் பற்றித் தனி மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன், சற்று நீளும்.