சிஸ்டம் இசட்லிப் (டேட்டாவ சுருக்கற லைப்ரரி, zlib) யூஸ் பண்ணச் சொல்லியும் உள்ள இருக்கற காப்பியே பில்ட் ஆகுது, யாராச்சும் உதவுங்க

கேள்வி:
ஃபெடோரா லினக்ஸுக்கு ஒரு சின்ன இமேஜ் வியூவர் பேக்கேஜ் பண்றேன். சோர்ஸ் கோட் வர்ற டார்பாலுக்குள்ள (சுருக்கின கட்டு) தேர்ட் பார்ட்டின்னு ஒரு ஃபோல்டர், அதுல இசட்லிப், லிப்வெப்பி (வெப்பி படத்துக்கான லைப்ரரி), லுவா (ஸ்கிரிப்ட் மொழி) மூணையும் அள்ளிப் போட்டு வச்சிருக்காங்க. பில்ட் டூல் சிமேக்ல சிஸ்டம் லைப்ரரிக்குன்னு ஆப்ஷன் இருக்கு, ஆன் பண்ணி மாக்ல (mock, சுத்தமான தனிச் சூழல்ல பேக்கேஜ் கட்டற டூல்) பில்ட் விட்டேன், ஒரு எரர் இல்ல. ஆனா எல்டிடி (பைனரி எந்த லைப்ரரிய இழுக்குதுன்னு காட்டற கமாண்ட்) போட்டா லிப்இசட், அதாவது சிஸ்டம் இசட்லிப் பேரே காணோம். ரெண்டு நாளா மண்டை காயுது.

பதில் 1:
இசட்லிப்-டெவல் (இசட்லிப்போட சேத்து பில்ட் பண்ணத் தேவையான பேக்கேஜ்) ஸ்பெக் ஃபைல்ல (பேக்கேஜ எப்படி கட்டணும்னு சொல்ற ஃபைல்) பில்ட்ரிக்வயர்ஸ் வரில போட்டீங்களா? மாக்ல அது இல்லேன்னா சில ப்ராஜெக்ட்ல சிமேக் தேடிப் பாத்துட்டு கமுக்கமா உள்ள இருக்கற காப்பிக்கு தாவிடும், லாக்ல ஒரே ஒரு வரி வரும் அவ்ளோதான். பைனரில ஸ்ட்ரிங்ஸ் கமாண்ட் ஓட்டி இன்ஃப்ளேட்னு தேடுங்க, வெர்ஷனோட காப்பிரைட் வரி வந்தா காப்பி உள்ளதான் உக்காந்திருக்கு.

கேட்டவர்:
டெவல் போடவே இல்லைங்க 🤦 ஸ்ட்ரிங்ஸ்ல "இன்ஃப்ளேட் 1.2.11"னு வருது.

பதில் 2:
1.2.11ல டிஃப்ளேட் பக்கம் மெமரி கரப்ஷன் பாதுகாப்பு ஓட்டை இருக்கு, 2022ல 1.2.12லதான் சரி பண்ணாங்க. லிப்வெப்பியும் பாருங்க, 2023ல வந்த பெரிய ஓட்டை 1.3.2லதான் அடைஞ்சுது. டிஸ்ட்ரோல லைப்ரரிய அப்டேட் பண்ணாலும் உங்க பைனரிக்கு அது வராது, அதான் வம்பே. ஆப்ஷன நம்பாதீங்க, ஸ்பெக்ல ப்ரெப்லயே (பில்டுக்கு முன்னாடி ஓடற பகுதி) இசட்லிப், லிப்வெப்பி ரெண்டு ஃபோல்டரையும் அழிச்சுடுங்க, அப்புறம் ஏமாத்தவே முடியாது, ஏதாச்சும் குறைஞ்சா பில்ட் அங்கயே நிக்கும். டெபியன் லினக்ஸ்ல நாங்க காப்பிரைட் ஃபைல்ல ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடெட் (வேணாத ஃபைல் பட்டியல்) போட்டு டார்பாலையே திரும்ப கட்டிடுவோம்.

கேட்டவர்:
சரி, லுவாவ என்ன பண்றது? அது 5.3, வியூவர் எழுதினவங்களே உள்ள கை வச்சிருக்காங்க, சிஸ்டம் லுவாவோட ஓடல.

பதில் 1:
அப்ப அது மட்டும் இருக்கட்டும். ஸ்பெக்ல ப்ரொவைட்ஸ் வரில பண்டில்ட், ப்ராக்கெட்ல லுவா, சமம் போட்டு வெர்ஷன், இப்படி எழுதுங்க, நாளைக்கு லுவால ஓட்டைன்னா யார்கிட்டல்லாம் இருக்குன்னு தேடிப் புடிக்கலாம். லுவாவோட எம்ஐடி லைசென்ஸையும் லைசென்ஸ் வரில சேக்கணும், நிறைய பேர் இத மறந்துட்டு ரிவ்யூல மாட்டுவாங்க. சிஸ்டம் லுவாவோட ஓட வழி பண்ணுங்கன்னு அப்ஸ்ட்ரீம்ல (வியூவர எழுதினவங்ககிட்ட) பப்ளிக்கா கேக்கணும், முடியாதுன்னா அதையும் ஸ்பெக்ல குறிச்சு வைங்க.

கேட்டவர்:
ஃபோல்டர அழிச்சதும் பில்ட் உடனே படுத்துச்சு, டெவல் ரெண்டும் சேத்ததும் எழுந்துடுச்சு, எல்டிடில லிப்இசட், லிப்வெப்பி ரெண்டும் வருது. லுவாவுக்கு அப்ஸ்ட்ரீம்ல கேட்டிருக்கேன். டெஸ்ட் ஃபோல்டர்ல இன்னொரு இசட்லிப் வேற ஒளிஞ்சிருந்துச்சு, 1.2.3, 2005 காலத்து சரக்கு 😂